தாய்மாமன் சைக்கிளில் வருகிறார்

ஒரு சாரல் சீசன் முழுக்க, காற்று செய்த வேலையை என் கால் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்ல வெட்கமான விஷயம்தான். என் தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதல் வெட்கம். தென்காசியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். விற்பதில் பாதி ஃபேன். சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன் என்று காற்றை விற்றே வீடு கட்டியவன், தன் முதுகில் அடிப்பது காற்று என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.

சைக்கிள் வந்த கதை பெரிய கதை இல்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணாச்சி, சுகரா?" என்று விசாரித்தார்கள். சைக்கிளில் போனால் அந்தக் கேள்வி காதில் விழுவதற்குள் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றியது. வளைந்த கைப்பிடியும் ஒல்லியான டயருமாக ஒன்று வாங்கினேன். அதற்கென்றே விற்கிற, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டையும் வாங்கினேன். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு மேலகரம் வழியாவா போவப் போறிய?"

"குத்தாலத்துக்கு வேற எப்படிப் போறது?"

"அப்ப இருட்டோட போயிட்டு இருட்டோட வந்துருங்க. எங்க சித்தி வீடு அந்த ரோட்டுலதான் இருக்கு."

கூட ஓட்ட ஒரு ஆள் கிடைத்தார். மேலகரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், என் வயதுதான். மீசைக்குச் சாயம் அடிப்பவர். மழையில் நனைந்தால் அது மேலுதட்டில் இறங்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். என் தொப்பையை அவர் பார்க்காத மாதிரி இருப்பார். இப்படி ஒரு உடன்பாட்டில் எங்கள் நட்பு ஓடியது.

எங்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மலைப் பாதை. தென்காசியில் இருந்து மேலகரம், குற்றாலம், ஐந்தருவி என்று சுற்றி, செங்கோட்டை வந்து, அங்கிருந்து புளியரை. புளியரையைத் தாண்டினால் ரோடு மலைமேல் வளைந்து வளைந்து ஏறும். சாரல் காலத்தில் அந்த ஏற்றம் தனி அழகு. ரோட்டு ஓரத்துப் பாறை எல்லாம் தண்ணீர் கசியும். மேகம் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும். கேரளத்துக்குப் போகிற லாரிகள் முனகிக்கொண்டே ஏறும். நாங்கள் அவற்றைவிடச் சத்தமாக முனகிக்கொண்டு ஏறுவோம். மேலே எல்லையைத் தாண்டி ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிடுவோம். கடைக்கார அம்மாள் ஒவ்வொரு தடவையும் எங்கள் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற இன்னொரு அம்மாளிடம் மலையாளத்தில் ஏதோ சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நண்பர் பட்டாளத்தில் கொஞ்சம் மலையாளம் கற்றவர். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், "நல்லபடியாத்தான் சொல்லுதா" என்று முடித்துவிடுவார்.

இன்னொன்று கீழ்ப் பாதை. தென்காசியில் இருந்து கிழக்கே சுரண்டை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவோம். இந்தப் பாதையில்தான் நாங்கள் வீரர்கள். கைப்பிடியில் வேகம் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தேன். மலைப் பாதையில் எட்டு, ஒன்பது என்று காட்டி மானத்தை வாங்கும் அந்தப் பெட்டி, சுரண்டை ரோட்டில் முப்பதுக்குக் கீழே இறங்காது. பால் வண்டிக்காரர்களை முந்துவோம். ஒரு தடவை டவுன் பஸ்ஸையே கொஞ்ச தூரம் பின்னால் வர வைத்தோம்.

"உமக்கு இது பொறவி பலம்வே" என்பார் நண்பர்.

"உமக்கு மட்டும் என்னவாம்? பட்டாளத்து ஒடம்பு" என்பேன்.

சுரண்டையில் இட்லி, வடை, பூரி. திரும்பி வருவது எப்படி என்றால், நண்பரின் மச்சினர் சுரண்டை மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி செங்கோட்டைப் பக்கம் கொண்டுபோவார். அவருடைய வண்டியில் கத்தரிக்காய் மூட்டைகளின் மேல் சைக்கிள்களைப் படுக்கப் போட்டு, பக்கத்தில் நாங்களும் சாய்ந்துகொண்டு வந்துவிடுவோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார் நண்பர். நான் ஏன் என்று கேட்கவில்லை. நாட்டுக்காகப் பணிபுரிந்தவரிடம் கேட்பது மரியாதை இல்லை.

ஆக, கிழக்கே போகும்போது சைக்கிள், மேற்கே வரும்போது கத்தரிக்காய் மூட்டை. ஒரு தடவைகூட சுரண்டையில் இருந்து தென்காசிக்கு மிதித்து வந்தது கிடையாது. வந்திருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும்.

செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வருகிற காற்று சாதாரணக் காற்று இல்லை. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது காற்று என்றே தோன்றாது. கடை போர்டைக் கயிறு போட்டுக் கட்டுவோம். கொடியில் காயும் துணிக்கு இரண்டு கிளிப் கூடுதலாகப் போடுவோம். வாசல் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். எல்லாவற்றையும் கை தானாகச் செய்யும். வாய் அதைப் பற்றிப் பேசாது. சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்தான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "அடேங்கப்பா, என்னா காத்து!" என்பார். எந்தக் காற்றைச் சொல்கிறார் என்று நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

சுரண்டை ரோட்டில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். அத்தனையும் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுழலும். அவற்றுக்கு முன்னால் நின்று நாங்கள் படம் எடுத்திருக்கிறோம். ஒன்றல்ல, பல படங்கள். எல்லாப் படத்திலும் நண்பரின் தலைமுடி கிழக்கே படுத்திருக்கும்.

வேகத்துக்கு நான் கண்டுபிடித்திருந்த காரணம் வேறு. குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாற்றில் போகிறது. சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி திருச்செந்தூருக்குக் கொஞ்சம் வடக்கே கடலில் விழுகிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவே தென்காசியில் இருந்து கடல் வரைக்கும் ஒரே இறக்கம். உட்கார்ந்தால் போதும், சைக்கிள் தானாகக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடும். இதைக் கடையில் வைத்து யாரிடமாவது விளக்கும்போது, பேப்பரில் கோடு போட்டே காட்டுவேன்.

இந்த இடத்தில் என் தங்கையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தங்கை. கடையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை போலீசில் இருக்கிறார். கல்யாணம் ஆகிப் பல வருஷம் குழந்தை இல்லை. அந்த வருஷங்களில் அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. விசேஷ வீடுகளுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டதும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது எழுந்து கை கழுவப் போய்விடுவாள். கடைசியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. காதுகுத்தைத் திருச்செந்தூரில் வைத்து நடத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்த வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். முன்பே குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டபோதும் நான்தான் உட்கார்ந்தேன். அப்போது என்னிடம் சைக்கிள் இல்லாததால் எல்லாரோடும் வேனில் போய் ஒழுங்காக இறங்கினேன்.

நாள் குறித்த அன்றைக்குத் தங்கை வீட்டில் வேன் ஏற்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேங்காய்ச் சட்னியைத் தொட்டபடி, "என்னைய கணக்குல சேக்காதீங்க. நான் சைக்கிள்ல வந்துருதேன்" என்றேன்.

தென்காசியில் இருந்து திருச்செந்தூர் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

"திருச்செந்தூருக்கா?" என்றாள் தங்கை.

"ஒரே எறக்கம்தாம்மா. இருட்டோட கெளம்புனா உங்களுக்கு முன்னால அங்கன நிப்பேன்."

மாப்பிள்ளை மோரைக் குடித்துவிட்டு, "மச்சான், ஸ்டேஷன்ல சொல்லி வழி நெடுக பந்தோபஸ்து போடச் சொல்லட்டுமா?" என்றார்.

"அண்ணே, வெளையாடாத. அன்னைக்கு நீ இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றாள் தங்கை. பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "மயினி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? வேன்ல ஒரு சீட்டு சும்மா போட்டு வை. வேட்டி சட்டைய நான் பையில எடுத்துக்கிடுதேன்" என்றாள் மனைவி. இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்திய அனுபவம் அந்தப் பதிலில் இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. மார்கழியில் எடுத்துத் துடைத்து, மலையடிவாரத்திலேயே பழைய குற்றாலம், கடையம் என்று நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். காலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. திருச்செந்தூருக்கு நண்பரும் வருவதாக இருந்தார். பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் பொங்கல்படி கொடுக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போனில் பேசினால் பின்னால் மிக்சி சத்தம் கேட்டது. "நீரு போயிட்டு வாரும்வே. உமக்கு இருக்கிற வேகத்துக்கு நான் எதுக்கு எடஞ்சலா?" என்றார்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினேன். பாவூர்சத்திரம் வரை பழக்கப்பட்ட ரோடு. கைப்பிடிப் பெட்டி பதினேழு என்று காட்டியது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று தட்டினேன். பதினாறு ஆயிற்று. இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், நன்றாகச் சுற்றியது. செயினைப் பார்த்தேன். சீட்டை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை வைத்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பிட்ட மூன்றாவது புரோட்டாவைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாதது ஒன்றுதான், அது மூக்குக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

ஆலங்குளம் தாண்டி வெளுக்க ஆரம்பித்தது. ஒரு ஊரில் கோயில் கொடை விழாவுக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ ரோட்டின் இரண்டு பக்கமும் கொடி கட்டியிருந்தார்கள். அத்தனை கொடியும் என்னைப் பார்த்துப் பறந்தன. வரவேற்பு மாதிரி இருந்தது. மனசுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாளையங்கோட்டையைத் தாண்டி, திருச்செந்தூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கிழக்கே பார்த்து நின்று டீயை வாய்க்குக் கொண்டுபோனேன். நுரை அப்படியே எழும்பி வந்து என் சட்டையில் அப்பியது. துடைத்துவிட்டு மறுபடி குடிக்கப் போனேன், மறுபடி அப்பியது. கடைக்கு வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள் எல்லாரும் மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நானும் திரும்பிக் குடித்தேன். டீ பேசாமல் உள்ளே போயிற்று.

திரும்பிய வாக்கிலேயே கிளாஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முதுகில் காற்று தள்ளியது. எங்கேயோ பழகிய தள்ளல். சுரண்டை ரோட்டுத் தள்ளல். மேற்கே முகம் திருப்பி நின்ற காற்றாலைகள் ஞாபகம் வந்தன. நண்பரின் தலைமுடி ஞாபகம் வந்தது. தை மாதத்தில் காற்று கடலில் இருந்து வரும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பேன். என் பிறவிப் பலம் ஆடி மாதத்தோடு முடிகிற பலம் என்று அந்த டீக்கடை வாசலில் தெரிந்துகொண்டேன். திருச்செந்தூருக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வேன் வந்து நின்றது. உள்ளே எல்லாரும் குளித்துப் பூ வைத்து, பட்டுப்புடவையும் சந்தனமுமாக இருந்தார்கள். என் மனைவி சன்னல் கண்ணாடியைத் தள்ளி என் சட்டையில் இருந்த டீயைப் பார்த்தாள்.

"ஏறுங்க."

"எதுக்கு? பாதிக்கு மேல வந்தாச்சு."

"மச்சான், மேல கேரியர் இருக்கு. சைக்கிளக் கட்டிரலாம்" என்று மாப்பிள்ளை இறங்கியே விட்டார். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ.

"வேண்டாம் மாப்ள. இனி மிச்சம் எல்லாம் எறக்கம்தான்" என்றேன். காற்றைப் பற்றித் தெரிந்த பிறகு, நன்றாகத் தெரிந்தே சொன்னேன். முந்தின நொடியில் புத்தி வந்தவன், அடுத்த நொடியில் அதைத் தூக்கி டீக்கடைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஊரெல்லாம் கோடு போட்டுக் காட்டிய இறக்கத்தைப் பாதியில் விட்டுவிட முடியவில்லை.

தங்கை பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். மொட்டை போட்ட தலையில் முடி நன்றாக வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டியது.

"பத்தரைண்ணே" என்றாள் தங்கை. "எனக்கு வேற அண்ணன் கெடையாது."

வேன் போய்விட்டது. அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஒட்டி ஓட்டினால் காற்று மறைக்கும் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. டீக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரோடு அழகான ரோடு என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆற்றை ஒட்டியே போகும். வயல், வாழை, வயல், மறுபடி வாழை. நடுநடுவே வாய்க்கால். கொக்குகள் வரப்பில் கிழக்கே பார்த்து ஒரே வரிசையாக நின்றன. வாழை இலைகள் எல்லாம் நார் நாராகக் கிழிந்து மேற்கே பறந்தன. மண் வாசனையில் மெல்ல உப்பு சேர ஆரம்பித்தது. வேனில் போகிறவனுக்கு இதெல்லாம் கிடைக்காது. எனக்கு எல்லாம் கிடைத்தது, நிறைய நேரம் கிடைத்தது. ஒவ்வொரு வாழையாகப் பார்த்துக்கொண்டு போகிற வேகம்.

ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் ரோட்டு ஓரமாக நடந்துபோனாள். நான் அவளை முந்துவதற்குள் இரண்டு பேரும் நிறையத் தூரம் சேர்ந்தே போய்விட்டோம். இப்படிப் பக்கத்தில் போகும்போது பேசாமல் போவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எந்த ஊருய்யா?"

"தென்காசி."

"தென்காசியில பஸ்ஸு கெடையாதோ?"

"இருக்கு ஆத்தா."

அவள் புல்லுக்கட்டை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். ஒரு வரப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

தென்திருப்பேரை கிட்டே வந்தபோது போன் அடித்தது. தங்கை.

"எங்கன வாரே?"

"வந்துட்டேன்மா."

"அதான் எங்கன?"

நான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கணக்குப் போட்டுவிடுவாள். அந்த இடைவெளியில் பின்னால் அவளுடைய மாமியார் பேசுவது கேட்டது. "ஏட்டி, நேரம் போவுது. ஒங்க பெரியப்பா மவன் நிக்கான்லா, அவனும் மாமன் மொறதான? அவன உக்கார வச்சா ஆவாதா?" குரலில் கோபம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருக்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்கிற மாதிரி நியாயமாகத்தான் கேட்டார்.

"எங்கண்ணன் வருவான் அத்தே" என்றாள் தங்கை. போனை வாயில் இருந்து விலக்கிப் பிடித்திருந்தாள். அது எனக்காகச் சொன்னது அல்ல. கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோன அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, அவள் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அவளை நான் தனியாக உட்கார வைத்துவிட்டு வாழைமரம் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

சைக்கிளை விட்டு இறங்கினேன். ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். முதல் கார் ஒதுங்கிப் போயிற்று. அந்தக் கால்சட்டையில் இரண்டு கையைத் தூக்கி நிற்பவனைப் பார்த்தால் நானும் ஒதுங்கித்தான் போவேன். அடுத்து வந்தது ஒரு டெம்போ. பின்னால் திறந்த வண்டி. எங்கேயோ ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேடைச் சாமான் கொண்டுபோகிறார்கள். பிளாஸ்டிக் பூத் தூண்கள், சுருட்டிய கம்பளம், நடுவில் சிவப்பு வெல்வெட் போட்ட பெரிய மாப்பிள்ளைச் சோபா, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"திருச்செந்தூரா தம்பி?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி. மின்னால எடமில்லையே."

"பின்னால ஏறிக்கிடுதேன். எந்தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன்."

டிரைவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தாய்மாமனுக்கு இப்படி ஒரு உடை அவர் ஊரில் கிடையாது போல. ஆனால் ராகு காலம் என்றதும் மறுபேச்சு பேசாமல் இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கிப் போட்டார். "சோபாவுலயே உக்காந்துக்கிடுங்க. வேற எங்கயும் பிடிமானம் கெடையாது" என்றார்.

திருச்செந்தூருக்குள் நான் வந்த விதம் இதுதான். சிவப்பு வெல்வெட் சோபாவில் சாய்ந்து, சைக்கிளை மடியில் அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாமரை ஆட, இறுக்கமான கால்சட்டையில். கடைத்தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வயதானவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். காற்று மட்டும் இப்போதும் முகத்தில்தான் அடித்தது, ஆனால் அது டெம்போக்காரரின் கவலை.

கடற்கரைக்குப் போகிற வழியில் சின்ன மண்டபம். வாசலில் என் மனைவி வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெம்போவையும் சோபாவையும் பார்த்தாள். கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றி, சட்டையை மாட்டி, முகத்தை ஈரத்துண்டால் துடைத்து, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உட்காரும்போது முட்டி இரண்டும் வெடி மாதிரி சத்தம் போட்டன. தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பத்தரைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மேலகரத்தில் இருந்து வேனிலேயே அழைத்துவந்திருந்த ஆசாரி, சுண்ணாம்பால் புள்ளி வைத்து ஒரு காதைக் குத்தினார். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. அழுவதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். ஆசாரி அந்தப் பக்கம் திரும்பி இரண்டாவது காதைப் பிடித்தார்.

அப்போது என் வலது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.

அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. காலுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி. காலை நீட்டினால்தான் விடும். நீட்டினால் பிள்ளை ஆடும், பிள்ளை ஆடினால் ஊசி எங்கே போகுமோ. தங்கையின் கண் என் முகத்தின் மேல் இருந்தது. நான் காலை நீட்டவில்லை. அதற்குப் பதிலாக, என் அம்மா செத்தபோதுகூட வராத ஒரு சத்தம் என் வாயில் இருந்து வந்தது. "யம்மா!" என்று மண்டபம் அதிர.

ஆசாரி ஊசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "ஏ, யாரு கத்தினது? புள்ளையா?"

"மாமன்" என்றார் என் தங்கையின் மாமியார்.

"காலு... காலு பிடிச்சுக்கிச்சு" என்றேன். மாப்பிள்ளை பாய்ந்து வந்து வேட்டிக்குள் கையை விட்டு என் கெண்டைக்காலை அமுக்கினார். பெரியப்பா மகன் தோளைப் பிடித்தான். மனைவி பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்தாள். பிள்ளையை யாரும் பிடிக்கவில்லை. அது என் மடியில் அசையாமல் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தன் அழுகையை ஒரு பெரிய ஆள் எடுத்துக்கொண்டுவிட்ட ஆச்சரியம் அந்த முகத்தில். ஆசாரி அந்த நேரத்தைப் பயன்படுத்தி இரண்டாவது காதையும் குத்தி, கம்மலையும் மாட்டிவிட்டார்.

"முடிஞ்சுது" என்றார். "மாமனுக்கும் ஒரு வாயி சக்கர போடுங்க."

பந்தி முடிந்ததும் நான் மட்டும் கடற்கரைக்குப் போய், அலை தொடுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். சைக்கிளை மாப்பிள்ளை வேன் மேலே கட்டிக்கொண்டிருந்தார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. காற்று கிழக்கில் இருந்து வந்து என்னைத் தாண்டி ஊர்ப் பக்கமாகப் போயிற்று. இப்போது கிளம்பினால் தென்காசிக்கு முப்பதில் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் காதில் இரண்டு பொட்டுத் தங்கம் மினுங்கியது. ஒரு இலைத்துண்டில் வைத்திருந்த பாயாசக் கிண்ணத்தை என் பக்கத்தில் மணலில் அழுத்தி வைத்தாள். பிள்ளை என்னிடம் தாவியது, கொடுத்தாள். கொஞ்ச நேரம் நின்று, வீங்கிக் கிடந்த என் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தடவிக்கொண்டே, "என்ன இருந்தாலும் முக்காவாசித் தூரம் மிதிச்சுட்டேன்லா?" என்றேன்.

"நான் கேட்டது உன் மடியண்ணே" என்றாள். "உன் காலு யாருக்கு வேணும்?"